முழு சார்ஜ்

பெட்ரோல் வேண்டாம், ஆயில் வேண்டாம், லைசென்ஸ்கூட வேண்டாம் என்று சொல்லித்தான் பேட்டரி வண்டியை விற்கிறார்கள். அதைக் கட்டி மேய்க்க ஆள் வேண்டும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. என் வண்டிக்கு இரண்டு பேர் வேண்டியிருந்தது. ஒன்று நான், இன்னொன்று என் மாமனார்.

எனக்கு வேலை பெங்களூரில், ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில். தரை துடைப்பவர்களையும் கழிவறை கழுவுபவர்களையும் மேற்பார்வை பார்க்க வேண்டும். சட்டையில் சூப்பர்வைசர் என்று தைத்திருக்கும். ஆள் வராத நாளில் துடைப்பமும் என் கையில்தான். வீடு, மூடிப்போன தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸில். எங்கள் ஸ்டேஷனிலிருந்து புறப்படும் ரயில் என் ஷிஃப்டுக்கு ஒத்துவராது. பங்காரப்பேட்டைக்குப் போய் வேறு ரயில் பிடிக்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது, ஷேர் ஆட்டோ ஆள் நிரம்பினால்தான் நகரும். அதனால் விடிவதற்கு முன்பே ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு, தலையில் ஸ்கார்ஃப், அதன்மேல் ஹெல்மெட் என்று மூட்டையாகக் கிளம்பிப் போய், ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் பூட்டிவிட்டு ஓடுவேன். இடம் கிடைத்தால் உட்கார்ந்து தூங்குவேன். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டே தூங்குவேன்.

என் வீட்டுக்காரர் பெங்களூரில் கம்பெனி வேன் ஓட்டுகிறார். இரவு ஷிஃப்ட் என்பதால் அங்கேயே ரூம் எடுத்திருக்கிறார். ஞாயிறு மட்டும் வருவார். ஆராதனை முடிந்து, சாப்பிட்டுக் கை கழுவியதும் அதே பேச்சை எடுப்பார். இங்கே என்ன இருக்கிறது, எல்லோரும் பெங்களூருக்கே வந்துவிடலாம், நீயும் இப்படி அலைய வேண்டாம் என்பார். அவர் சொல்வதில் தப்பே இல்லை. ஆனால் மாமா வர மாட்டேன் என்பார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு, தனியாக விட்டுவிட்டுப் போக முடியாது. அதனால் நானும் இங்கேதான்.

ஊர்ப்பாசம் என்று யாராவது சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும். அவர் சொன்ன காரணம் வேறு. கடைக்குப் போகிற வழியில் எந்தக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், யார் வீட்டுப் படியில் உட்கார்ந்தால் ஒன்றும் கேட்க மாட்டார்கள், மூச்சு வாங்கினால் யார் தண்ணீர் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அவருக்கு இங்கே தெரியும்.

"அங்க மூச்சு வாங்கினா நான் எங்கடா நிக்கறது?" என்று மகனைக் கேட்டார்.

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். நான் ரயிலுக்குப் போய்வர முடிகிறவரை இங்கே இருப்பது, முடியாமல் போனால் எல்லோரும் பெங்களூர். மாமா என் பக்கம் திரும்பி, முடியவில்லை என்றால் ஒளிக்காமல் சொல்லு, அன்றைக்கே வருகிறேன் என்றார். அப்பாவும் மகனும் பேசி முடித்துவிட்டார்கள். பாரம் என் தலையில் ஏறியதை இரண்டு பேருமே கவனித்ததாகத் தெரியவில்லை. அதற்கு அடுத்த மாதம்தான் ஒருவர் ஓட்டி முடித்த அந்த வண்டியை வாங்கினோம்.

வாங்கிய நாளிலிருந்தே அதற்கு ஏதாவது செய்துகொண்டே இருந்தேன். முதல் மழையில் ரயில்வே பாலத்துக்கு அடியில் தேங்கிய தண்ணீரில் இறங்கியதும் நின்றுவிட்டது. மோட்டாருக்கு எவ்வளவு கரண்டு போக வேண்டும் என்று கட்டுப்படுத்தும் பெட்டியைக் கால் வைக்கும் பலகைக்கு அடியில் வைத்திருந்தார்கள், அதற்குள் தண்ணீர். வண்டியை வடிவமைத்தவர் வீட்டுப் பக்கம் மழையே பெய்யாது போலிருக்கிறது. ராபர்ட்சன்பேட்டையில் முன்பு இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்த்துவந்த ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் அந்தப் பெட்டியைக் கழற்றி, சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றி, சீட்டுக்கு அடியில் ஏற்றி வைத்தார். பழைய டயரில் மட்கார்டுக்கு ஒரு வால் வைத்தார். பின் சீட்டைத் தூக்கிவிட்டு இரும்பு கேரியர் பற்றவைத்தார். ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் கேன் கொண்டுவர அது வேண்டும்.

காற்றடிக்கிற மாதங்களில் இன்னொரு தொல்லை. தங்கம் பிரித்த பிறகு மைன்ஸ்காரர்கள் கொட்டிவைத்த சைனைடு மேட்டு மணல் மாவாகப் பறந்து வந்து பிரேக்குக்குள் புகுந்துகொள்ளும். பிரேக் பிடித்தால் தெரு நாய்கள் எல்லாம் எழுந்து பார்க்கிற மாதிரி கத்தும். லீவு நாளில் சக்கரத்தைக் கழற்றி, டிரம்மைத் துடைத்து, பிரேக் ஷூவை உப்புத்தாளில் தேய்த்து மாட்டுவேன். சார்ஜர் செருகும் ஓட்டையிலும் அதே மணல்தான். அதற்குப் பழைய பல் பிரஷ் ஒன்று வைத்திருந்தேன். என் கையைப் பார்த்தால் சூப்பர்வைசர் கை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மாமா வண்டியை முதல்முதலாகச் சுற்றிப் பார்த்தபோது கேட்டது விளக்கைத்தான். ஹெட்லைட் மினுக்கு மினுக்கு என்று எரிந்தது. அதோடு போகக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். மெக்கானிக்கிடம் சொல்லி நல்ல எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைத் தனி சுவிட்சோடு போட்ட பிறகுதான் விட்டார். அன்றிலிருந்து பேட்டரி அவர் பொறுப்பாகிவிட்டது. நான் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

அவர் மைன்ஸில் லேம்ப் ரூமில் இருந்தவர். கீழே இறங்குகிறவர்கள் தொப்பியில் விளக்கு இருக்கும், அதற்கு இடுப்பில் ஒரு பேட்டரி இருக்கும். ஷிஃப்ட் முடிந்து மேலே வந்ததும் அதை லேம்ப் ரூமில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிய கையோடு ரேக்கில் மாட்டிச் சார்ஜ் ஏற்றி, தண்ணீர் குறைந்திருந்தால் ஊற்றி, துடைத்து, அடுத்த ஷிஃப்டுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. மைன்ஸ் மூடுகிறவரை அதையே செய்தார். அதற்குப் பிறகு அவருக்கு வேலை என்று ஒன்று இல்லை. என் வண்டி வந்துதான் மறுபடி கொடுத்தது.

சாயங்காலம் நான் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்துவதற்குள் சார்ஜர் வயரோடு எழுந்து வருவார். மூச்சு வாங்கும், ஆனாலும் என்னைக் குனிய விட மாட்டார். அப்போது வண்டியில் இருந்தது ஈய பேட்டரி. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத சீல் பேட்டரி என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. மாமா அதை நம்பவில்லை. மேல் மூடியைப் பெயர்த்து, உள்ளே இருந்த சின்ன ரப்பர் மூடிகளைத் திறந்து, மருந்துக்கடை ஊசிக் குழாயால் டிஸ்டில்ட் வாட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். முனைகளில் வாசலின் தடவினார். பனிக் காலத்தில் கம்பளி சுற்றி வைத்தார். குளிரில் பேட்டரி படுத்துவிடும் என்பார். எனக்கு எரிச்சலாக இருந்தது, ஆனால் சும்மா சொல்லக் கூடாது, ஸ்டேஷன் வாசலில் என்னோடு நிறுத்துகிறவர்களின் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்தபோது என்னுடையது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மெக்கானிக்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். அதை மாமாவிடம் சொன்ன அன்று அவர் ஒரு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார்.

எவ்வளவு கவனித்தாலும் ஈய பேட்டரிக்கு ஒரு முடிவு உண்டு. அது வந்தபோது மெக்கானிக் லித்தியம் போடச் சொன்னார். கனம் குறைவு, தூரம் அதிகம், திரும்பி வரும்போது மேட்டில் திணறாது என்றார். போட்டோம். அவர் சொன்னபடியே வண்டி பறந்தது. கூடவே சில கட்டளைகளும் சொன்னார். ஓடி வந்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. முழுசாக ஏறும்வரை விட வேண்டியதில்லை, கொஞ்சம் குறைவாக இருக்கும்போதே எடுத்துவிடலாம். தினமும் வழிய வழிய ஏற்றினால் ஆயுசு குறையும். மூடி வைக்கக் கூடாது.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் மாமாவிடம் சொன்னேன். தலையை ஆட்டிக் கேட்டார். மறுநாள் சாயங்காலம் வண்டி உள்ளே வந்ததும் சார்ஜரோடு எழுந்து வந்தார். மெக்கானிக் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"கொறைச்சலா இருக்கற லேம்ப்ப எவனாவது கீழ போறவன் கையில குடுப்பானாம்மா?" என்றார். "வழியில அணைஞ்சிட்டா அவன் கதி இன்னா? அந்த மெக்கானிக்கு கடையில குந்திக்கினு சொல்லுவான். இருட்டுல போறது நீ."

நான் விட்டுவிட்டேன். களைப்பு வேறு. அவர் சொன்னதில் இருந்தது பிடிவாதம் மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். விடியலில் நான் தெருமுனை திரும்புகிறவரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வண்டி நின்றால் நான் இருட்டில் நிற்பேன் என்பது ஒரு பயம். வண்டி நின்றால் இந்த வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது இன்னொரு பயம். இரண்டுக்கும் அவர் கையில் இருந்த ஒரே மருந்து முழு சார்ஜ். சார்ஜரில் பச்சை எரிந்ததும் பிடுங்கி மறுபடி செருகுவார். செருகினால் கொஞ்ச நேரம் சிவப்பு எரியும். அந்தக் கொஞ்சமும் ஏறட்டும் என்பார். ஞாயிறு முழுக்க வண்டி சார்ஜிலேயே கிடக்கும். என் வீட்டுக்காரர் கரண்டு பில்லைப் பற்றி முணுமுணுப்பார், மாமாவுக்குக் காது கேட்காது.

பனிக்காலம் வந்ததும் கம்பளியும் வந்துவிட்டது. சீட்டைத் தூக்கி, பேட்டரிப் பெட்டியைச் சுற்றிச் செருகி வைத்துவிடுவார். எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தார். நான் படுத்ததும் மறுபடி சுற்றினார். காலையில் கம்பளி மடித்து வைக்கப்பட்டிருக்கும், நான் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பாக இருக்கும். ஒரு தடவை சண்டை போடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் டிபன் பாக்ஸை நீட்டினார், ரயிலுக்கும் நேரமாகிவிட்டது. தினமும் ஏதாவது ஒன்றுக்கு நேரமாகிவிடும்.

அடுத்த வருஷமே வண்டி தளர ஆரம்பித்தது. முதலில் திரும்பி வரும்போது மேட்டில் இழுத்தது. பிறகு ஸ்டேஷன் எதிரே டீக்கடைக்காரரிடம் கெஞ்சி, பகலில் அங்கே சார்ஜ் போடச் சொன்னேன். மாமா அதைக் கேட்டு, தன் சார்ஜ் பற்றவில்லை என்று நினைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக ஏற்றினார். கடைசியில் ஒரு நாள் காலை, ராபர்ட்சன்பேட்டை தாண்டிப் பங்காரப்பேட்டை சாலையில் பாதி வழியில் வண்டி அப்படியே நின்றுவிட்டது. விளக்கும் அணைந்துவிட்டது.

பனியில் எதுவும் தெரியவில்லை. வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் இடுப்பு விட்டுப்போனது. ஓரமாக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு அங்கேயே நின்றேன். தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. உண்மையைச் சொன்னால் நிம்மதியாக இருந்தது. இன்றைக்கு ஓட வேண்டாம், இனி ஓட வேண்டாம் என்று உடம்பு சொன்னது. அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

மானேஜருக்குப் போன் செய்தேன். ஏற்கெனவே லேட்டான நாட்களைச் சொல்லிக் காட்டினார், இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். அவர் கோபப்படவில்லை. கே.ஆர்.புரம் பக்கம் தரைத்தளத்திலேயே ஒரு வீடு இருக்கிறது, படி ஏற வேண்டாம், கேட்டு வைத்திருக்கிறேன், அப்பாவிடம் நீதான் சொல்ல வேண்டும் என்றார். நான்தான் சொல்ல வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

பால் வேன்காரர் ஒருவர் இரக்கப்பட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து மெக்கானிக் கடையில் இறக்கிவிட்டார். மெக்கானிக் பேட்டரிப் பெட்டியைத் திறந்தார். உள்ளே செல்கள் எல்லாம் வயிறு உப்பி, பெட்டியோடு இறுகிக் கிடந்தன. ஓரத்தில் கம்பளி நூல் ஒட்டியிருந்தது. அவர் அதை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இதுக்கு யாரு சார்ஜ் போடறது?"

வீட்டில் பெரியவர் என்றேன்.

"பெரியவர்தான் இத சாவடிச்சிருக்காரு," என்று சிரித்தார். "பேட்டரி மேல ஒண்ணும் தப்பு இல்ல. வேற போட்டுக்கலாம், கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. ஆனா இனிமே அவர் கை இதுல படக் கூடாது."

கெட்ட மனிதர் இல்லை, வேலையைச் சொன்னார். எனக்குத்தான் அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, வீட்டில் எப்படிச் சொல்வது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். புது பேட்டரி போடலாம். அப்படிப் போட்டால் மாமாவிடம் இதைத் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால், ஆயுசெல்லாம் செய்த வேலையை, இந்த வீட்டில் இருப்பதற்காகப் பொழுதெல்லாம் செய்த வேலையை, அதுதான் பேட்டரியைக் கெடுத்தது என்று சொன்னதாகும். சொல்லிவிட்டு, ராத்திரி நான்தான் முழித்திருந்து சார்ஜரைப் பிடுங்க வேண்டும். அவர் ஓரமாக உட்கார்ந்து என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் அவர் இருப்பதற்கு அப்புறம் என்ன அர்த்தம்? இதையெல்லாம் யோசிக்கிற அளவுக்குக்கூட எனக்குத் தெம்பில்லை. ஆட்டோ குலுக்கலில் தலை கம்பியில் இடித்தது, அதைக்கூட நகர்த்திக்கொள்ளவில்லை.

வீட்டுக்குப் போனபோது மாமா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பகலில் நான் வருவது வழக்கமில்லை. வண்டி இல்லாமல் வருவது அதைவிட வழக்கமில்லை. என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கே நின்றது, இருட்டாக இருந்ததா, யாராவது துணைக்கு இருந்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொன்னேன். அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடிக்காமல் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"என் கையால சார்ஜ் போட்டுக் குடுத்த லேம்ப்பு ஒண்ணுகூட கீழ போய் அணைஞ்சதில்லமா," என்றார். "இது மட்டும் ஏன் நின்னுச்சி? நான் எதுனா தப்பா பண்ணிட்டனா?"

மகனுக்குப் பயப்படாதவர், மகன் வீட்டைக் காலி செய்யச் சொன்னபோதுகூடக் குரல் இறங்காதவர், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேட்டரி நல்லாத்தான் இருக்குதாம் மாமா, ஏதோ ஒயர்தான் விட்டுப்போச்சாம்," என்றேன். "என்னாலதான் முடியல."

அவர் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"அப்ப சரிமா," என்றார். "வண்டிக்கு முடியலன்னா பார்க்கலாம். மனுஷிக்கு முடியலன்னா போய்த்தான் ஆவணும். அவனுக்குப் போன் போட்டு நான் வரேன்னு சொல்லிடு."

அப்படிச் சொன்னபோது அவருடைய மூச்சு சீராகிவிட்டிருந்தது. நான் போனை எடுத்தேன்.